ஓரிரு ஆண்டு ஓடிய கார்: யாரிடம் வாங்குவது?

ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை ஓடிய கார்களுக்குப் பழைய கார் சந்தையில் தனி மவுசு உண்டு. அந்த மாடல் இன்னும் ஷோரூமில் விற்பனையில் இருக்கும். நிறுவனம் தந்த உத்தரவாதத்தில் பல சமயம் சில மாதங்களாவது மிச்சமிருக்கும். என்ஜினும் கியர்பாக்ஸும் பெரிய செலவு வைக்கும் வயதுக்கு வந்திருக்காது. விலை மட்டும் புதுக் காரைவிட ஒன்றிரண்டு லட்சம், சில சமயம் அதற்கும் மேலே குறைந்திருக்கும்.

இப்படிப்பட்ட காரை வாங்கப் பல வழிகள் இருக்கின்றன. கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர், ஊருக்கு ஊர் இருக்கும் ஆட்டோ கன்சல்டிங் கடை, இணையம் வழியாக விற்கும் நிறுவனம், காரின் உரிமையாளரே, கடன் கட்டாத வண்டிகளை ஏலம் விடும் வங்கி என்று பட்டியல் நீளும். ஒரே மாடல், ஒரே ஓட்டம், ஒரே நிறம் என்றாலும் இடத்துக்கு இடம் விலை வேறுபடும். மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால் அந்த வேறுபாட்டின் காரணம் புரியும். காரின் முன்கதை யாருக்குத் தெரியும்? பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுப்பது யார் பொறுப்பு? வாங்கிய பிறகு கோளாறு வந்தால் யார் பதில் சொல்வார்? கூடுதல் விலை நியாயமா என்பதை இந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கார்கள் எங்கிருந்து வருகின்றன?

புத்தம் புதுக் காரை ஒருவர் ஏன் இரண்டே ஆண்டில் விற்கிறார் என்ற சந்தேகம் நியாயமானது. பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். வேலை மாறி வெளிநாடு போகிறவர், குடும்பம் பெரிதாகிப் பெரிய வண்டிக்கு மாறுகிறவர், மாதத் தவணை கட்ட முடியாமல் தவிப்பவர், மேனுவலை விட்டு ஆட்டோமேட்டிக்குக்குப் போகிறவர் எல்லாம் விற்கிறார்கள். அலுவலர்களுக்காக நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்த கார்களும் காலம் முடிந்ததும் சந்தைக்கு வருகின்றன.

டீலர்கள் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருந்த கார்கள் இன்னொரு வகை. இவை குறைந்த கிலோமீட்டரே ஓடியிருக்கும், சர்வீஸும் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் பல பேர் கையில் ஓடியவை. கிளட்ச்சும் பிரேக்கும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கக்கூடும். டீலரின் பெயரில் பதிவான கார் என்றால், ஆர்.சி.யில் வாங்குபவர் இரண்டாவது உரிமையாளர் ஆவார். பின்னாளில் அவர் விற்கும்போது அதனால் விலை சற்று இறங்கும் என்பதையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கவலைப்பட வேண்டிய காரணங்களும் உண்டு. பெரிய விபத்தில் அடிபட்டு டிங்கரிங் செய்யப்பட்டவை, வெள்ளத்தில் மூழ்கியவை, டாக்ஸியாக ஓடிப் பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டவை ஆகியவையும் இதே சந்தையில்தான் விற்கப்படுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு, வெள்ளம் வராத ஊர்களில்கூட விற்பனைக்கு வரலாம்.

விலை எவ்வளவு இறங்க வேண்டும்?

காரின் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணை முதல் அளவுகோலாக உதவும். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓர் ஆண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20, மூன்று ஆண்டு வரை 30 சதவீதம் என்று அதில் கழிக்கப்படுகிறது. சந்தை விலை இதே வேகத்தில் இறங்குவதில்லை. தேவை அதிகமுள்ள மாடல்கள் இதைவிட மெதுவாகவும், விற்பனை மந்தமான மாடல்கள் இதைவிட வேகமாகவும் மதிப்பிழக்கும்.

புதுக் கார் வாங்குபவர் செலுத்தும் ஆயுள்கால வரியும் இந்தக் கணக்கில் முக்கியம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று இந்த வரி வசூலிக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலேயே பதிவான காரை வாங்குபவர் இதை மறுபடி கட்ட வேண்டியதில்லை. முதல் உரிமையாளர் கட்டிய வரியின் பலன் மீதமுள்ள ஆண்டுகளுக்கு அடுத்தவருக்குக் கிடைக்கிறது.

வெளிமாநிலப் பதிவு கொண்ட கார் விஷயத்தில் இது தலைகீழ். புதுச்சேரி, கர்நாடகப் பதிவுள்ள வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மாநில ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற்று, காரின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியைக் கட்டி, புது எண் வாங்க வேண்டும். முதல் மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெற அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை செலவையும் அலைச்சலையும் சேர்த்தால், விலையில் கிடைத்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தையும் மறக்கக்கூடாது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீத மேல்வரியும் இருந்தன. இப்போது மொத்தமே 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் ரூபாய் என்றால், முன்பு 7,74,000 ரூபாயாக இருந்த கார் இப்போது 7,08,000 ரூபாய். பழைய விலையில் வாங்கியவர், “நான் கொடுத்த விலையிலிருந்து ஒன்றரை லட்சம் குறைத்துத் தருகிறேன்” என்று சொன்னால், அதில் 66,000 ரூபாய் ஏற்கெனவே ஷோரூமிலேயே குறைந்துவிட்ட தொகை. விற்பவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதை ஒதுக்கிவிட்டு, இன்றைய ஆன்-ரோடு விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற டீலரிடம்

புதுக் கார் விற்கும் நிறுவனங்களே பழைய கார் விற்பனையிலும் இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாருதி சுசூகி 2001இல் ட்ரூ வேல்யூவைத் தொடங்கியது. ஹூண்டாயின் எச் பிராமிஸ், டொயோட்டாவின் யூ ட்ரஸ்ட் ஆகியவையும் இதே வகை. பெயர் நிறுவனத்துடையது என்றாலும், கடையை நடத்துவதும் பில் போடுவதும் அந்தந்த ஊர் டீலர்தான். காரை வாங்கி, பட்டியல் போட்டுச் சோதித்து, பழுது நீக்கி, சான்று கொடுத்து விற்கிறார்கள். ட்ரூ வேல்யூவில் 376 அம்சங்கள் சோதிக்கப்படுவதாக நிறுவனம் சொல்கிறது. சான்று பெற்ற கார்களுக்கு ஓர் ஆண்டு வரை உத்தரவாதமும் மூன்று இலவச சர்வீஸும் தருகிறது.

இங்கே வாங்குவதில் மிகப் பெரிய பலம் சர்வீஸ் பதிவு. நிறுவனத்தின் எந்த சர்வீஸ் நிலையத்தில் கார் நுழைந்தாலும், தேதி, ஓட்டம், மாற்றிய பாகம் எல்லாம் சேசிஸ் எண்ணின் கீழ் கணினியில் ஏறிவிடும். 2024 மார்ச்சில் 31,000 கிலோமீட்டர் என்று பதிவான கார், 2025இல் 22,000 காட்டினால் மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காப்பீட்டில் செய்த பெரிய டிங்கரிங் வேலையும் அந்தப் பதிவில் இருக்கும். அதே பிராண்டு காரை அதே பிராண்டின் டீலரிடம் வாங்கும்போது இந்தப் பதிவை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. நல்ல டீலர் தயங்காமல் தருவார். வெளியே, தெரிந்த மெக்கானிக்கிடம் செய்த வேலை மட்டும் இதில் வராது. பதிவில் இல்லை என்பதால் விபத்தே நடக்கவில்லை என்று நம்பிவிட முடியாது.

சான்று என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். குறிப்பிட்ட வயதுக்கும் ஓட்டத்துக்கும் உட்பட்ட, தங்கள் பிராண்டைச் சேர்ந்த கார்களுக்கே பொதுவாக முழுச் சான்று கிடைக்கும். எக்ஸ்சேஞ்சில் வந்த வேறு நிறுவனக் கார் அதே கூரையின் கீழ், அதே விளக்கொளியில் நின்றாலும், அதற்கு அந்த உத்தரவாதம் இல்லாமல் இருக்கலாம். உத்தரவாதம் பெரும்பாலும் என்ஜினையும் கியர்பாக்ஸையும்தான் காக்கும். கிளட்ச், பிரேக் பேடு, டயர், பேட்டரி போன்ற தேயும் பொருட்கள் அதில் அடங்குவதில்லை. எந்தப் பாகம், எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், எந்த ஊர் சர்வீஸ் நிலையத்திலும் செல்லுமா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்ன எதுவும் பின்னால் கைகொடுக்காது.

நிறுவனத்தின் அசல் உத்தரவாதம் மீதமிருந்தால் அது வேறு கணக்கு. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை உத்தரவாதத்தை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. அதன்பின் விற்பனையான, ஒரு வயதான காருக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் காப்பு மிச்சம் இருக்கிறது. அதை யாரிடம் வாங்கினாலும் அது காரோடு வரும். இந்த நிலையில் டீலர் தரும் ஓராண்டுச் சான்றுக்காகத் தனியாக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. மின்சாரக் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பேட்டரிக்குச் சில நிறுவனங்கள் அறிவிக்கும் மிக நீண்ட உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே முழுமையாகச் செல்லும். இரண்டாவது உரிமையாளருக்கு எவ்வளவு மிச்சம் என்று நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டோ கன்சல்டிங் கடைகள்

தமிழ்நாட்டில் பழைய கார் வியாபாரத்தின் பெரும்பகுதி கன்சல்டிங் கடைகளை நம்பியே நடந்து வந்திருக்கிறது. எல்லா பிராண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். பேரம் பேச இடம் உண்டு. கடைக்காரர் அந்த ஊரில் முப்பது வருடமாகத் தொழில் செய்பவராக இருந்தால், அவருடைய பெயரே ஒரு பாதுகாப்பு. ஆனால் காரின் முன்கதை அவருக்கும் விற்றவர் சொல்லித்தான் தெரியும். நிறுவனத்தின் கணினிப் பதிவு அவர் கையில் இல்லை.

இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருந்த பெரிய ஓட்டை, கையெழுத்து மட்டும் போட்ட காலிப் படிவம். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29இலும் 30இலும் கையெழுத்துப் போட்டு வண்டியை விட்டுவிடுவார். கார் இரண்டு மூன்று கை மாறும், ஆர்.சி.யில் பெயர் மாறாது. நடுவில் விபத்தோ குற்றமோ நடந்தால் போலீஸ் தேடிப் போவது பழைய உரிமையாளர் வீட்டுக்கு. இப்படிப் பலர் கை மாறிய ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைச் சரிசெய்ய மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய நடைமுறை வந்தது. பழைய வாகனம் விற்பவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்தவுடன், அந்த டீலரே காரின் உரிமையாளராகக் கருதப்படுவார். அதன்பின் அந்தக் காருக்கு நேரும் எதற்கும் அவரே பொறுப்பு. பெயர் மாற்றத்துக்கும் தடையில்லாச் சான்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வண்டி எங்கே எதற்காக ஓட்டிச் செல்லப்பட்டது என்ற பதிவேட்டையும் அவர் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு கன்சல்டிங் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்பதுதான். சான்று உள்ள கடைக்கும் நிறுவன டீலருக்கும் சட்டப் பொறுப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இணையம் வழியாக விற்கும் நிறுவனங்கள்

கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் 2015இல் தொடங்கியவை. உரிமையாளரிடம் காரை வாங்கி, சோதித்து, நிலையான விலை போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்பது இவர்களின் முக்கியமான கவர்ச்சி. உண்மையிலேயே இது பயனுள்ள வசதி. அந்த நாட்களுக்குள் காரை வெளி மெக்கானிக்கிடம் காட்டிவிடுவதே இதைப் பயன்படுத்தும் சரியான முறை. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டருக்குள், என்ன கழிவுடன் பணம் திரும்பும் என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால், வாங்கும் அன்றைய ஒப்பந்தத்தைப் படித்தே முடிவெடுக்க வேண்டும். பேரத்துக்கு இடம் குறைவு. சேவைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று கடைசியில் சேரும் தொகைகளையும் கூட்டித்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

உரிமையாளரிடம் நேரடியாக

விலை மிகக் குறைவாக அமையக்கூடிய வழி இதுதான். இடைத்தரகர் லாபம் இல்லை. தனிநபர் தன் சொந்தக் காரை விற்றால் ஜி.எஸ்.டி.யும் இல்லை. வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எங்கே நிறுத்தப்பட்டது, யார் சர்வீஸ் செய்தார்கள் என்பதை நேரில் கேட்கலாம். வீட்டையும் மனிதரையும் பார்த்தே பாதி கணிக்கலாம்.

ஆனால் விற்றபின் அவருக்கு எந்தக் கடமையும் இல்லை என்பதே பொதுவான நிலை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது, அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கும் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். வாங்குபவர் பரிசோதித்தபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு மட்டும் அது பொருந்தாது. தனிநபர் விற்பனையில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வியாபாரியிடம் வாங்கியவருக்கே உதவும். டீலரோ கன்சல்டிங் கடையோ இணைய நிறுவனமோ ஏமாற்றினால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கை அங்கேயே தொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். உரிமையாளர் கேட்கும் விலை குறைவாக இருப்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததும் ஒரு காரணம்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பறிமுதல் செய்து ஏலம் விடும் சீஸிங் வண்டிகள் இன்னும் மலிவு. அங்கே இருக்கும் நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டிப் பார்க்கக்கூட வாய்ப்பு அரிது. சாவியோ அசல் ஆர்.சி.யோ இல்லாமல் வரும் வண்டிகளும் உண்டு. தொழில் தெரிந்தவர்களுக்கே அது ஏற்றது.

காரைப் பார்க்கும் முறை

எங்கே வாங்கினாலும் காரைப் பகலில், வெயிலில், என்ஜின் சூடாகாத நிலையில் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் அந்த டயர் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆர்.சி.யில் கார் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். 2023 நடுவில் தயாரான கார் 18,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2025இல் தயாரானவை என்றால் கணக்கு இடிக்கிறது. சாதாரணமாக ஒரு டயர் செட் 18,000 கிலோமீட்டரில் தீர்ந்துவிடாது. உண்மையான ஓட்டம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அப்போது பிரேக் மிதியின் ரப்பரையும் ஸ்டீயரிங் உறையையும் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பையும் பார்த்தால் தேய்மானம் காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று பொருள். கதவு ரப்பரைச் சற்று விலக்கிப் பார்த்தால், தொழிற்சாலையில் போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராகத் தெரியும். சீர் குலைந்திருந்தால் தூண் வரை அடிபட்ட கார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால், விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளம் பார்த்த காரை மூக்கும் கையும் கண்டுபிடிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடி நாடாவில் சேற்றுக் கறை தெரியும். இருக்கைத் தண்டவாளங்களில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம், ஏ.சி. போட்டதும் வரும் புழுங்கிய வாடை எல்லாம் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. தண்ணீர் புகுந்த மின்னணுப் பாகங்கள் மாதக்கணக்கில் கழித்தும் பழுதாகும்.

இத்தனையும் தனியாகப் பார்க்கத் தெரியாதவர் நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் செல்லலாம். அவர் கொண்டுவரும் ஸ்கேனர், காரின் கணினியில் பதிந்துள்ள பிழைகளைப் படித்துவிடும். சில ஆயிரம் ரூபாய் செலவில் முடியும் இந்தச் சோதனையை நிறுவன டீலரிடமும் செய்ய வேண்டும். வெளி மெக்கானிக்கைத் தொடவிட மாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

பேப்பர் வேலை

அரசின் பரிவாஹன் தளத்திலும் எம்பரிவாஹன் செயலியிலும் பதிவு எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, காப்பீட்டுக் காலம், கடன் பதிவு ஆகியவை தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். கடன் உள்ள காருக்கு, கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் பெயர் மாறாது. கடன் தீர்ந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். “கடன் முடிந்துவிட்டது, பேப்பர் அடுத்த வாரம் வரும்” என்று சொன்னால், முழுப் பணத்தையும் அடுத்த வாரமே கொடுக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். டீலரிடம் வாங்கினால் இந்த வேலை அவருடையது. அதற்கான கட்டணம் விலையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நேரடியாக வாங்குபவர் தானே அலைய வேண்டும் அல்லது ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். பெயர் மாறும் வரை ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பழகிய வழக்கம்தான்.

காப்பீட்டைப் பலர் கவனிப்பதில்லை. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது; ஆகவே ஓரிரு வயதுக் காரில் அது மிச்சம் இருக்கும். அந்தப் பகுதி புது உரிமையாளருக்குத் தானாகவே மாறும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி மாறாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றாவிட்டால், கார் அடிபடும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். இழப்பீடு கோராததற்கான போனஸ் விற்றவருடையது. அது காரோடு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டத் தயாராக இருக்க வேண்டும். விற்றவரின் ஃபாஸ்டேக்கை மூடிவிட்டுப் புதிது எடுப்பதும் அன்றே முடிக்க வேண்டிய வேலை.

கூட்டிக் கழித்தால்

ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய ஆன்-ரோடு விலை 9.5 லட்சம் உள்ள காரின் ஒன்றரை வயதுப் பதிப்பை உரிமையாளர் 7.25 லட்சத்துக்கும், நிறுவன டீலர் 7.75 லட்சத்துக்கும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50,000 ரூபாய். அதில் டீலரின் லாபம், பழுது பார்த்த செலவு, உத்தரவாதம், இலவச சர்வீஸ், பெயர் மாற்றம், வரி எல்லாம் அடக்கம். பிறரிடம் வாங்கி விற்கும் பழைய காருக்கு 2025 ஜனவரி முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டாலும், அது டீலரின் லாபத்துக்கு மட்டுமே. 7 லட்சத்துக்கு வாங்கி 7.75 லட்சத்துக்கு விற்றால் வரி 75,000 ரூபாய்க்குத்தான். அதாவது 13,500 ரூபாய். முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது கேட்டால் அது தவறு.

கடன் வாங்குபவர் வட்டியையும் சேர்க்க வேண்டும். பழைய காருக்கான கடன் வட்டி புதுக் கார் கடனைவிட அதிகம். 5 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டில் அடைக்க 9 சதவீத வட்டியில் மாதம் 10,379 ரூபாய் கட்ட வேண்டும். 12 சதவீதத்தில் அது 11,122 ரூபாய். மொத்தத்தில் ஏறத்தாழ 44,600 ரூபாய் கூடுதல். நிறுவன டீலரிடம் வங்கிகள் எளிதாகக் கடன் தரும். தனிநபரிடம் வாங்கும் காருக்குச் சில வங்கிகள் தயங்கும். புதுக் காருக்கு அன்று தள்ளுபடி ஏதேனும் இருந்தால், ஒரு வயதுப் பழைய காரின் லாபம் காணாமலே போகலாம்.

முதல்முறை கார் வாங்குபவர், வண்டி நுணுக்கம் தெரியாதவர், கடனை நம்பி வாங்குபவர், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய நேரமில்லாதவர் ஆகியோருக்கு நிறுவன டீலர் ஏற்றவர். சர்வீஸ் பதிவும் எழுத்திலான உத்தரவாதமும் கைக்கு வரும் வரை அந்தக் கூடுதல் விலை வீண் இல்லை. அவை இரண்டும் வராவிட்டால் அங்கே அதிகம் கொடுக்கக் காரணமே இல்லை. அசல் உத்தரவாதம் மீதமுள்ள காரை, முதல் உரிமையாளரிடம், நல்ல மெக்கானிக்கின் துணையோடு, ரொக்கமாக வாங்கக்கூடியவருக்கு நேரடி விற்பனையே லாபம். இரண்டுக்கும் நடுவே இருப்பவர், அங்கீகாரச் சான்றுள்ள கன்சல்டிங் கடையையோ திருப்பித் தரும் வசதியுள்ள இணைய நிறுவனத்தையோ நாடலாம். எங்கே வாங்கினாலும் காரைச் சோதித்து, ஆர்.சி.யிலும் காப்பீட்டிலும் பெயரை மாற்றி முடித்த பிறகுதான் வாங்கும் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.